எடுத்தாச்சு என்று நான் சொன்ன படம்

என்னிடம் கேமரா இருந்தது. நான் பெண். இந்த இரண்டு தகுதிகளைப் பார்த்துத்தான் ஒரு கல்யாணத்தில் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவதாகவும் ஒரு தகுதி வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு லேசாகத் தோன்றியது. சொல்லியும் பார்த்தேன்.

வில்லியனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். பாகூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருவேன். ரத்தம் எடுப்பது, ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, ரிப்போர்ட் அடிப்பது, இவைதான் வேலை. நான் ஊசி போட்டால் வலிக்காது என்று பேர் உண்டு. அழுகிற குழந்தைகளை என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். கை நடுங்காது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் கை நடுங்கப்போகிறது, அதற்காகச் சொல்கிறேன்.

என் அறைக்கு எதிரே மருந்துக் கவுண்டர். அங்கே வேலை பார்த்த பெண் என்னைவிட நான்கு வயது சின்னவள். மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவள் வீட்டு மீன் குழம்பு எனக்கு வரும், எங்கள் வீட்டுக் கத்திரிக்காய் அவளுக்குப் போகும். யாருக்கு லாபம் என்று அவள் கேட்டதில்லை. கல்யாணம் அவளுக்குத்தான்.

கேமரா செகண்ட் ஹேண்ட். எங்கள் நிலத்துக்குப் பின்னால் பாகூர் ஏரி. மழை முடிந்ததும் அங்கே பறவைகள் வரும். அவற்றைப் படம் எடுக்க வாங்கினேன். ஒரு வருஷம் எடுத்ததில், பறவை இப்போதுதான் கிளம்பிப்போன கிளைகள் என்னிடம் நிறையச் சேர்ந்திருந்தன. விற்றவர் கேமராவைக் கொடுக்கும்போதே, "ஃப்ளாஷ் மட்டும் எழுந்துக்காதும்மா. மத்தபடி நல்ல கண்டிஷன்" என்று சொல்லியிருந்தார். கொக்குக்கு எதற்கு ஃப்ளாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்ககிட்ட கேமரா இருக்குதில்ல?"

"இருக்குது."

"எங்க வூட்ல ஆம்பள போட்டோகிராபர் வேணாம்னு சொல்லிட்டாங்க. பொம்பளைங்க இருக்கற எடத்துல எப்பிடி வுடுவாங்க? பாண்டியில ஒரு லேடி போட்டோகிராபர கேட்டோம். அவங்களுக்கு அன்னிக்கி வேற கல்யாணம். நீங்க வந்து எடுங்கக்கா."

"நான் கொக்குதாம்மா எடுத்துகினு இருக்கேன்."

"கொக்கு பறக்குது. நான் உக்காந்துகினுதான இருப்பேன்."

ஒத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாக இருக்கும்போது எப்படிப் படம் எடுப்பது என்று தினமும் வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது. லென்ஸின் துளையை அகலமாகத் திறக்கலாம். ஷட்டரை மெதுவாக மூடவிடலாம். ஐஎஸ்ஓ என்ற எண்ணை ஏற்றலாம். என் லென்ஸின் துளை பெரிதாகத் திறக்காது. ஷட்டரை மெதுவாக்கினால் ஆள் அசைந்தாலும் நான் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் முகத்தில் ரவை தூவியதுபோல ஆகிவிடும். வழி மூன்று இருந்தது. ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒன்று நின்றுகொண்டிருந்தது.

பழகிப் பார்ப்பதற்கு இருட்டாக ஓர் இடம் வேண்டுமே என்று எக்ஸ்ரே அறையைப் பிடித்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே ஆள் வராது. ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையில் துப்பட்டாவைப் போட்டு, மணப்பெண்ணாக்கினேன். அவர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பத்து நாள் அப்படி எடுத்தோம்.

"என் கல்யாணத்துலகூட என்ன இப்பிடி உக்கார வெக்கலம்மா" என்றார் ஒருநாள். "கோயில்ல நின்னாப்பலயே முடிஞ்சிட்டுது."

கடைசி இரண்டு நாள் எடுத்த படங்கள் சுமாராகத் தெளிந்து வந்தன. அவருக்கு ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். நான் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். அவர் ஆடாமல் அசையாமல் இருக்கத் தெரிந்தவர் என்பதுதான் உண்மை.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பள்ளிவாசலில். பெண்கள் எல்லோரும் பெண் வீட்டில். பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. வெளியே வெயிலில் கண் கூசியது. நல்ல வெளிச்சம் என்று சந்தோஷத்தோடு வண்டியை நிறுத்தினேன்.

வீட்டுக்குள் போனதும் ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் ஆண்களுக்குப் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூடத்து ஜன்னல்கள் இரண்டும் அந்தப் பந்தலைப் பார்த்தவை. அதனால் இரண்டுக்கும் கெட்டியான பச்சைத் திரை. திரை போதாது என்று அதன் மேல் போர்வை. போர்வை காற்றில் விலகக்கூடாது என்று துணி காயப்போடும் கிளிப்புகள். கூடத்தில் இரண்டு டியூப்லைட். ஒன்று முனை கறுத்துப்போய் முனகிக்கொண்டிருந்தது. பந்தலில் பெரிய ஃபேன்களைப் போட்டதும் இன்னொன்றும் மங்கிவிட்டது. மணப்பெண் உட்காரும் சோபாவுக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரியும் சீரியல் பல்புகள். நான் எடுத்த முதல் படத்தில் பெண் சிவப்பாக இருந்தாள். இரண்டாவதில் நீலமாக இருந்தாள்.

அந்தக் கூடத்தின் அதிகாரம் முழுவதும் பெண்ணின் பெரியம்மாவிடம் இருந்தது. அவர் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போனேன்.

"பெரியம்மா, அந்தப் போர்வைய மட்டும் கொஞ்சம் எடுத்துடலாமா? வெளிச்சம் பத்தல."

"ஆம்பளைங்க இருக்காங்கம்மா வெளிய."

"இந்த சீரியல் லைட்டயாவது நிறுத்தலாமா?"

"கல்யாண வூட்ல லைட்ட நிறுத்துவாங்களா? அதுல லைட்டு இருக்குதே, அது போதாதா?" என்று என் கேமராவைக் காட்டினார்.

"இதுல ஃப்ளாஷ் எழுந்துக்காது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்ன இன்னாத்துக்குமா கொண்டாந்த?"

நியாயமான கேள்வி. நான் சோபாவின் பக்கம் திரும்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் இரண்டு சாட்சிகளோடு வாசலில் வந்து நின்றார். சம்மதம் கேட்பதற்கு. பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். நானும் துப்பட்டாவை இழுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் பேரையும் அவர் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகையையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார். இரண்டாவது தடவை சமையலறை வரைக்கும் கேட்டது. கவுண்டரில் மருந்துப் பேரைக் கூப்பிடும் அதே குரல். பிறகு நிக்காஹ் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். படத்தில் நோட்டுப் புத்தகம் தெளிவாக விழுந்திருந்தது. கையும் பேனாவும் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மேகம் இருந்தது.

பரவாயில்லை, அடுத்தது இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தது கருகமணி.

பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்ததாகச் செய்தி வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குக் கருகமணி கட்ட வேண்டும். கறுப்பு மணியும் தங்க மணியும் கோத்த சங்கிலி. பின்கழுத்தில் ஒரு சின்னக் கொக்கி. பெண் வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருப்பது அந்த நிமிஷத்துக்குத்தான். மாமியார் ஒரு தட்டில் அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெண்ணின் அம்மா அந்த நேரம் பார்த்துப் பாலும் பழமும் எடுத்து வரச் சமையலறைக்குப் போயிருந்தார்.

"அம்மா வரட்டும்" என்றாள் பெண், தலையைத் தூக்காமலே.

"நேரம் ஆவுதுடி. அவ வந்துருவா. நீங்க கட்டுங்க" என்றார் பெரியம்மா.

மாமியார் குனிந்தார். நான் முட்டி போட்டு உட்கார்ந்து கேமராவைத் தூக்கினேன். பொத்தானைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் கர்ரென்று முன்னால் போனது. பிடிமானம் கிடைக்காமல் கர்ரென்று பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. வெளிச்சம் போதாவிட்டால் கேமராவுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. தெரியாவிட்டால் அது கிளிக் ஆகாது. இதை எந்த வீடியோவிலாவது சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததில் சொல்லவில்லை. பொத்தானை முழுக்க அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. மாமியாரின் இரண்டு கைகளும் பெண்ணின் பின்கழுத்தில் இருந்தன. அவை அங்கே வெகுநேரம் இருந்தன. எனக்காக நிறுத்திவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்னும் நடுங்கியது.

"எடுத்தாச்சா?" என்றார் பெரியம்மா. நாற்பது பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"எடுத்தாச்சு" என்றேன்.

மாமியார் நிமிர்ந்தார். பெண்ணின் அம்மா பால் தம்ளரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளின் கழுத்தைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். "கட்டிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். யாரோ, "போட்டோல பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

அதன்பின் பிரியாணி போட்டார்கள். ரொம்ப நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சாப்பிட்டேன். எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சம்மதம் கேட்ட தாய்மாமனுக்கு மூன்று மூக்கு இருந்தது. சிரித்துக்கொண்டிருந்த குழந்தைகள் புகைபோலக் கடந்துபோயிருந்தார்கள். பெரியம்மா மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் எல்லாப் படத்திலும் தெளிவாக இருந்தார். அவரைப் பார்த்தால் இது அவருடைய கல்யாணம் என்று நினைக்கத் தோன்றும். கருகமணி கட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின படம் இருந்தது, மாமியார் தட்டோடு எழுந்திருப்பது. அடுத்த படம் இருந்தது, பெண்ணின் அம்மா தம்ளரோடு நிற்பது. நடுவில் இல்லை. மெமரி கார்டைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

திங்கட்கிழமை அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "அக்கா போட்டோ நல்லா வந்துருக்கா? கருகமணி கட்ன போட்டோ மட்டும் முதல்ல அனுப்புங்க. நான் கட்டும்போது பாக்கலியேன்னு அம்மா அழுதுகினே இருக்காங்க."

"எடிட்டிங் போயினு இருக்குது" என்று அனுப்பினேன். எடிட்டிங் என்றால் என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வீடியோவில் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

அன்று மதியம் ஒரு காய்ச்சல் கேஸுக்கு ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எல்லாம் கலங்கலாக இருந்தது. பக்கத்தில் இருக்கும் திருகை மெதுவாகத் திருப்பினேன். செல்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பதினோரு வருஷமாகத் தினம் நூறு தடவை செய்கிற வேலை. அப்போதுதான் உறைத்தது. என் லென்ஸிலும் ஒரு வளையம் இருக்கிறது. கையால் திருப்பி ஃபோகஸ் பண்ணலாம். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச்சைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். முட்டி போட்டு உட்கார்ந்து பொத்தானை நசுக்கிக்கொண்டிருந்தபோது என் இடது கை அந்த வளையத்தின் மேல்தான் இருந்திருக்கும். ஸ்லைடில் மலேரியா இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த ஸ்லைடை எடுத்தேன்.

மாப்பிள்ளை வீடு பாகூரில். மாமியார் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது. கடை நான் வேலை முடிந்து வரும் வழியில் இருக்கிறது. கடைக்குப் பின்னால்தான் வீடு. அவளும் இப்போது அங்கேதான் இருக்கிறாள். திங்கட்கிழமை மாலை நான் கடைத்தெரு வழியாக வராமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே வந்தேன். புதன்கிழமை காலை கிளம்பும்போது என் அம்மா, "வரும்போது ரெண்டு கிலோ உளுந்து வாங்கியா" என்றார்.

"வேற கடையில வாங்கியாரவா?"

"ஏன், அந்தக் கடைக்கு இன்னா?"

சாயங்காலம் அந்தக் கடைக்கே போனேன்.

மாமியார் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் தடித்த கண்ணாடி. அதன் இரண்டு காதிலும் கறுப்புக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். கல்யாணத்தன்று அந்தக் கண்ணாடியை நான் பார்க்கவில்லை. கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆள் இல்லாத நேரம் உடனே வந்துவிட்டது.

"உளுந்து ரெண்டு கிலோம்மா" என்றேன். அவர் நிறுத்துக் கட்டும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். "கருகமணி கட்ன போட்டோ இல்லம்மா. கேமரா எடுக்கல. நான் எடுத்தாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் பொட்டலத்தின் மேல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பிடிம்மா?"

"மத்ததுக்கெல்லாம் டிக்குனு சத்தம் வந்துதே. அதுக்கு வரல. கர்ரு கர்ருனு இருந்துச்சு, அவ்ளோதான்." பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் கடைக்கு வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போட்டோல நல்லாருக்காதேன்னு கண்ணாடிய கழட்டி வெச்சிட்டேன். கண்ணாடி இல்லனா எனக்குக் கிட்டத்துல ஒண்ணும் தெரியாது. கொக்கிய எங்க மாட்றதுன்னே தெரியல. தடவிகினே இருந்தேன். நீ வேற முட்டி போட்டுகினு உக்காந்துகினு இருந்த. உனக்கு எடுக்க வரல, எனக்கு மாட்ட வரல. அந்தப் பெரியம்மா எடுத்தாச்சான்னு கேட்டாங்க, நீ எடுத்தாச்சுன்ன. சரின்னு நானும் கைய எடுத்துட்டேன்."

"அப்ப மாட்டலியா?"

"மாட்டல."

பின்னால் வீட்டுக்குப் போகும் வழியில் திரை அசைந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கையில் இரண்டு டீ தம்ளர்.

"எனக்கும் தெரியும் மாமி" என்றாள். "நழுவி உள்ள விழப்பாத்துச்சு. சாப்பாடு வரைக்கும் கையாலயே புடிச்சிகினு இருந்தேன். அப்பறமா கழண்டுக்கிச்சுன்னு சொன்னேன், அம்மாதான் ரூமுக்குக் கூட்டினு போயி மாட்டி வுட்டாங்க."

மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் எதிர்பார்த்தது இதைத்தான். எதிர்பார்த்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"எடிட்டிங்னு சொன்னீங்களேக்கா."

"ஆமா."

"இல்லன்னா இல்லன்னு சொல்லிருக்கலாமில்ல? நாளைக்கி வந்துடும், நாளைக்கி வந்துடும்னு எங்கம்மாகிட்ட சொல்லிகினு இருந்தேன்."

"பயமா இருந்துச்சு."

"என்னப் பாத்தா?" என்றாள். அவள் முகம் சுருங்கிப்போனது. நாலு வருஷம் ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவள். அவளைப் பார்த்து நான் பயந்ததுதான் அவளுக்குப் படம் இல்லாததைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு தம்ளரை மாமியாரிடம் கொடுத்தாள். இன்னொன்றை என்னிடம் நீட்டவில்லை. தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். நானே எடுத்துக்கொண்டேன்.

ஒருவர் வந்து சோப்பு வாங்கிக்கொண்டு போனார்.

"நாளைக்கிக் காலையில திரும்பக் கட்டிருவோம்" என்றார் மாமியார்.

"அதெப்பிடி மாமி? கட்டலாமா?"

"நிக்காஹ்தான் ஒருதரம். கருகமணி நம்ம பழக்கந்தான, எத்தினி தரம் வேணாலும் கட்டலாம். மொதத்தரம் நான் கட்டவே இல்லியே." என்னைப் பார்த்தார். "உனக்கு எந்த எடத்துல வெளிச்சம் வேணும்? இப்பவே பாத்துச் சொல்லிட்டுப் போ."

வீட்டுக்குள் கூட்டிப்போனார். கூடத்துக்குப் பின்னால் தோட்டத்துப் பக்கம் ஒரு பெரிய கதவு. அதைத் திறந்து காட்டினார். அந்தப் பக்கம் மதில், ஒரு முருங்கை மரம், யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கதவோரம் ஒரு முக்காலியைப் போட்டு, காலையில் இங்கே உட்கார்ந்தால் போதும் என்றேன்.

"எங்கம்மாவ வரச்சொல்லணும்" என்றாள் அவள். "அவங்க வந்தாதான் நான் உக்காருவேன்."

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி அரைநாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். கல்யாணம் என்றேன். யாருக்கு என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் என்றேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பெண்ணின் அம்மா வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். என்ன விஷயம் என்று ஃபோனில் பாதிதான் சொல்லியிருந்தார்கள் போல. பையில் பாதாம் பாலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்து வந்திருந்தார். மகள் மறுபடி அதே சேலையில், அதே முக்காட்டில், கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றார். மருதாணி மட்டும் நாலு நாளில் சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது.

"நீங்க இங்க உக்காருங்க சம்பந்தி" என்று மாமியார் ஒரு நாற்காலியை நேர் எதிரே இழுத்துப் போட்டார். "இன்னிக்கி சமையக்கட்டுப் பக்கம் போவக்கூடாது."

நான் ஸ்விட்ச்சைத் தள்ளினேன். கேமராவுக்கு இனி எதைப் பார்ப்பது என்ற கவலை இல்லை. அந்தக் கவலை எனக்கு வந்துவிட்டது. வளையத்தைத் திருப்பினேன். முதலில் முருங்கை மரம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அவளுடைய காது தெரிந்தது. காதிலிருந்து கழுத்து. கை நடுங்கவில்லை.

மாமியார் பட்டுச் சேலையில் வந்து நின்று, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"போட்டுக்கோங்க மாமி" என்றாள் அவள். "இல்லனா மறுபடியும் நான்தான் புடிச்சிகினு இருக்கணும்."

போட்டுக்கொண்டார். குனிந்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"சிரிக்காதடி. அன்னிக்கி நீ சிரிக்கல."

"அன்னிக்கி பயமா இருந்துச்சு."

"இப்ப இல்லியா?"

"நாலு நாள் ஆச்சே மாமி."

அப்போது மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொக்கி நழுவியது. "எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இருங்க."

மறுபடி பிடித்தார். நாக்கின் நுனியைப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்து, கொக்கியை வளையத்துக்குள் விட்டார். அது மாட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில் அழுத்தினேன். டிக் என்றது.

எதிரே இருந்த அம்மா அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. சிரித்துக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்தாள். அவளுக்கும் பொங்கிவிட்டது. முக்காலியிலிருந்து எழுந்து போய் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமியார் வெறும் கையோடு நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், பாதாம் பாலைத் தம்ளரில் ஊற்ற ஆரம்பித்தார். நான் அதையும் எடுத்தேன். ஷட்டர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

பால் குடிக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேமராவின் சின்னத் திரையில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது நல்லாருக்குது" என்றாள். பிறகு, "இனிமே என்கிட்ட எடிட்டிங் சொல்லாதீங்க" என்றாள். சரி என்றேன். அவள் குடித்த தம்ளரில் மீதியிருந்ததை என் தம்ளரில் ஊற்றினாள்.

அந்த மாதக் கடைசியில் ஆல்பம் தயாரானது. பிரிண்ட் போடும் இடத்தில் மிஷின் பக்கத்திலேயே நின்று, எல்லாப் படங்களையும் வாங்கிக்கொண்டு, வேறு ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று ஒன்றையும் விட்டுவிடாமல் அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஆல்பத்தில் முக்கால்வாசி கூடத்து இருட்டுதான். மேகம்போல ஒரு கையும், மூன்று மூக்குத் தாய்மாமனும் அதில் உண்டு. எடுத்துவிடலாம் என்று சொன்னேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். தாய்மாமன் மட்டும் அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்புவாராம்.

ஆல்பத்தைப் பார்க்கப் பெண் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நடுநாற்காலியில் பெரியம்மா. மடியில் ஆல்பம். தன்னுடைய படங்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். கருகமணிப் பக்கம் வந்தது. தோட்டத்துக் கதவிலிருந்து வந்த வெளிச்சத்தில் பெண்ணும் மாமியாரும் அம்மாவும் நன்றாகத் தெரிந்தார்கள். பின்னால் முருங்கை மரம். வில்லியனூர் வீட்டில் முருங்கை மரம் கிடையாது. பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

பெரியம்மா விரலால் படத்தைத் தட்டினார்.

"பாத்தியா, எவ்ளோ வெளிச்சமா விழுந்துருக்குது? இந்தப் பொண்ணு இருட்டு இருட்டுன்னு சொல்லிகினே இருந்துச்சு. நான்தான் ஒண்ணும் ஆவாது எடுன்னு சொன்னேன்."

பெண்ணின் அம்மா டீ போட உள்ளே போனார்.

கிளம்பும்போது பெரியம்மா என்னை வாசலில் நிறுத்தினார். அவருடைய மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறதாம். அதே மாதிரி வெளிச்சமாக எடுத்துக்கொடுக்க வேண்டும் என்றார். வருகிறேன், ஆனால் முந்தின நாளே வந்து வீட்டின் ஜன்னல்களைப் பார்ப்பேன் என்றேன். ஜன்னலைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். அதை நின்று விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.